கல்லுக்குப் பொருந்துவது பிசினுக்குப் பொருந்தாது
எபாக்சி மேசையையும் சமையல் மேடையையும் எதைக் கொண்டு துடைப்பது?

ஆவுடையார்கோவில் ஆத்மநாதர் சந்நிதிக்கு எதிரே ஒரு படைகல் இருக்கிறது. வடித்த புழுங்கல் அரிசிச் சோற்றை ஆவி பறக்க அதில் பரப்புவார்கள். கூடவே கீரையும் பாகற்காயும் உண்டு. மேலெழும் ஆவிதான் இறைவனுக்கு நிவேதனம். நாள் தவறாமல் இந்தச் சூட்டை வாங்கியும் கல் அசைவதில்லை.

நம் வீட்டுச் சமையல் மேடையும் நேற்றுவரை கடப்பைக்கல்லாகவோ கிரானைட்டாகவோதான் இருந்தது. இன்று அந்த இடத்துக்கு எபாக்சி ரெசின் வருகிறது. மரப்பலகைகளுக்கு நடுவே நீல ஆறு ஓடுவதுபோல் வார்த்த சாப்பாட்டு மேசையும், பழைய மேடையின்மேல் ஊற்றிய கண்ணாடிப் பூச்சும் இந்த வகைதான். பார்க்கக் கல்போலவும் கண்ணாடிபோலவும் இருப்பதால், அவற்றுக்கு வாங்கிய திரவங்களையே இதன்மீதும் ஊற்றுகிறோம். சில மாதங்களில் பளபளப்பு போய்விடுகிறது.

உருகாத பிசின்

பிசின் நமக்குப் புதிதல்ல; கோவில்களிலேயே உண்டு. ஆவுடையார்கோவில் கருவறையில் லிங்கம் இல்லை, அதைத் தாங்கும் பீடமான ஆவுடையார் மட்டுமே உண்டு. மற்ற சிவாலயங்களில் ஆவுடையாரோடு லிங்கத்தைப் பிணைத்து வைப்பது அஷ்டபந்தன மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, சுக்கான்கல் தூள், வெண்ணெய் முதலியவற்றை இடித்து இளக்கிச் சாத்துவார்கள். அரக்கும் குங்கிலியமும் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும்.

எபாக்சி அப்படி உருகாது. ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்ததும், ரெசின் மூலக்கூற்றின் முனையிலிருக்கும் முக்கோண வளையம் திறந்துகொள்கிறது. இரண்டு கார்பன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த வளையம் அது. திறந்த முனை ஹார்டனரிலுள்ள அமீனோடு கைகோக்க, எல்லாம் ஒரே வலையாகப் பின்னிக்கொள்ளும். அதன்பின் உருக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் 1930களின் இறுதியில், செயற்கைப் பல் செய்யும் முயற்சியில் இதைக் கண்டறிந்தார். நாம் ஒட்டப் பயன்படுத்தும் அரால்டைட்டும், ஒழுகும் குழாயில் அப்பும் எம்-சீலும் இதே குடும்பம்தான்.

உருகாது என்பதால் எதையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நெயில் பாலிஷ் அகற்றும் அசிட்டோன் அந்த வலைக்குள் ஊறிப் பரப்பை உப்பவைக்கும். எலுமிச்சைச் சாறு, வினிகர், புளிக்கரைசல் ஆகியவை சிந்தினால் உடனே துடைத்துவிடலாம். ஆனால் ஊறவிட்டால் வெளிறிய தடம் விழும். பாத்ரூம் ஆசிட்டும் ப்ளீச்சிங் கரைசலும் அறவே வேண்டாம். இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். அதனால் எந்தப் பரப்பிலும் இவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. கண்ணாடி துடைக்கும் திரவம் வாங்குவதானால் அம்மோனியா இல்லாததா என்று பாருங்கள்.

கீறலே பெரிய எதிரி

ரசாயனத்தைவிட அதிகச் சேதம் தேய்ப்பதால்தான் வருகிறது. கிரானைட்டிலுள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. எபாக்சி அதைவிட மிகவும் மென்மையானது. நெல் விளையும் ஊர்களில் பாத்திரம் துலக்க எடுக்கும் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. பாத்திரத்தைப் பளிச்சென்று ஆக்கும் அதே சிலிக்கா எபாக்சியில் ஆயிரம் கீறல்களைப் போடும். கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர், பாத்திரச் சோப்புக் கட்டி எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். காய்ந்த துணியால் தூசியைத் தேய்ப்பதும் கீறலே. முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

மஞ்சள் கறை

குழம்பு சிந்தினால் என்ன செய்வது? மஞ்சளின் நிறமியான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே வெறும் தண்ணீரால் துடைத்தால் போகாது. சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயையும் மறு முனை தண்ணீரையும் பிடித்துக்கொள்வதால் சோப்புத் தண்ணீருக்கு அது பணியும். அப்படியும் தடம் தெரிந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் சிறிது தொட்டுத் துடைத்து, உடனே ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இதையும் மேசையின் அடிப்புறத்தில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

துணியில் மஞ்சள் பட்டால் வெயிலில் காயப்போட்டு மங்கவைப்போம். அந்த வைத்தியம் இங்கே கூடாது. புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு எபாக்சியே மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளைப் போக்க எந்தத் திரவமும் இல்லை.

ஆவுடையார்கோவில் வட்டத்து மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரக்காற்றில் வார்த்த எபாக்சியின்மேல் சிலசமயம் மெழுகுபோல ஒரு படலம் படியும். ஹார்டனரின் அமீன், காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்வதால் வருவது அது. பயப்பட வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைந்துவிடும். ஆனால் பரப்பே பிசுபிசுவென்று இருந்தால் கலவை விகிதம் தவறியிருக்கிறது என்று பொருள். அதைத் துடைத்துத் தீர்க்க முடியாது, செய்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

அன்றாடத்துக்கு எது போதும்? வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணி. துடைத்தபின் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, பிறகு ஈரம் போக ஒருமுறை. அவ்வளவுதான். புதிதாக வார்த்த மேசை முழுமையாக இறுகப் பல நாள் பிடிக்கும். அதுவரை மெல்லிய ஈரத்துணியைத் தவிர எதுவும் வேண்டாம்.

உருகாவிட்டாலும், சாதாரண எபாக்சி 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளக்கம் கொடுக்கத் தொடங்கிவிடும். ஆவி பறக்கும் சோற்றைப் படைகல் தாங்கும், இது தாங்காது. சோற்றுப் பானையை இறக்கும்முன் அடியில் ஒரு பிரிமணையைப் போடுங்கள். கடையில் துடைக்கும் திரவம் வாங்கும்போது எந்தக் கறையைப் போக்கும் என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பரப்புக்கு உரியது என்று பாட்டிலில் எழுதியிருப்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.