முட்டிக்கு மாத்திரை, சிறுநீரகத்தைக் கேட்டு

"முட்டி வலிக்கு எது நல்ல மாத்திரை?" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்பதுதான். பலருக்கு இது பிடிப்பதில்லை. முட்டிக்குக் கேட்டால் பிரஷர், சுகர் என்று குலம் கோத்திரம் விசாரிக்கிறாளே என்று முகம் கடுக்கும். அவசரக்காரர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும். தேய்ந்த மூட்டுக்கு எந்த வலி மாத்திரை ஒத்துவரும் என்பதை வயிறும் சிறுநீரகமும் இதயமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. இதில் மூட்டின் பேச்சு எடுபடாது.

மறைமலை நகரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன், டி.ஃபார்ம் படித்தவள். கவுன்ட்டரில் நின்ற கால், ஏறிய எடை, அம்மா வழி உடம்பு எல்லாம் சேர்ந்து எனக்கே இடது முட்டி தேய்ந்துவிட்டது. ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினால், பின்னால் வரும் காலேஜ் பிள்ளைகள் உச்சுக் கொட்டுவார்கள். ஆகவே மருந்து விற்கிறவளாகவும் சாப்பிடுகிறவளாகவும் இதைச் சொல்கிறேன்.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு மெலிந்துபோவதைத் தேய்மானம் என்கிறோம். ஆனால் குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது, அதற்கு வலிக்கத் தெரியாது. வலிப்பது அதற்கு அடியில் உள்ள எலும்பும், வீங்கிய உட்சவ்வும், சுற்றியுள்ள தசைநாரும். அதனால்தான் எக்ஸ்-ரேயில் இடைவெளியே இல்லாமல் எலும்போடு எலும்பு ஒட்டியவர் மார்க்கெட்டுக்கு நடந்து போகிறார். படத்தில் லேசான தேய்மானம் உள்ளவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கிறார். தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்த்துத் தரும் மாத்திரை இதுவரை வரவில்லை. குளுக்கோசமைன் டப்பாவை நானும் விற்கிறேன்தான். ஆனால் 2006-ல் அமெரிக்காவில் 1,500 பேருக்கு மேல் வைத்து நடத்திய பெரிய ஆய்வில், மொத்தமாகப் பார்த்தபோது அது வெற்று மாத்திரையைவிட மேலாக நிற்கவில்லை. யாராவது கேட்டால் இதைச் சொல்லிவிட்டுத்தான் பில் போடுவேன்.

வருகிறவர்களில் எல்லா வகையும் உண்டு. ஃபோர்டு ஆலையில் லைனில் நின்றே வேலை பார்த்து, 2022-ல் உற்பத்தி நின்றபோது வெளியே வந்தவர்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் நாற்று நட்டுக் குனிந்த முதுகோடு வரும் ஆயாக்கள். இந்த ஆயாக்கள் கேட்பது மாத்திரையின் பெயரை அல்ல. "முட்டி புடிச்சி உசுரு போவுது கண்ணு, ஒரு செட்டு போட்டுக் குடு."

செட்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: ஒரு சின்னக் காகித உறை. அதில் அட்டையிலிருந்து கத்தரித்த வலி மாத்திரை ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று, கூடவே மிளகு அளவில் ஒரு குட்டி வெள்ளை மாத்திரை. அதிசயம் செய்வது அந்தக் குட்டிதான். டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ, அதாவது ஸ்டீராய்டு. சாயங்காலம் போட்டால் காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடலாம். அடுத்த வாரமும் அதே செட்டு வேண்டும். மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு உள்ளுக்குள் மெலியும். பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து இது. இல்லை என்று சொல்லும்போது ஆயா என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, கடன் கேட்டு இல்லை என்றதைப் போல.

என் கட்சி, முதலில் பூசும் மருந்து. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியும், முழங்கால் தேய்மானத்துக்கு வலி அடக்கும் ஜெல்லைத்தான் முதல் வரிசையில் வைக்கிறது. தோல் வழியாகப் போகும் டைக்ளோஃபினாக்கில், விழுங்கும்போது ரத்தத்தில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான் சேர்கிறது. வயிறும் சிறுநீரகமும் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆனால் நம்மவர்கள் பூசுகிற விதம்தான் வேடிக்கை. தீபாவளிக்கு வாங்கிய டியூப் பொங்கல் வரை வரும். 1 சதவீத ஜெல் என்றால் ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளைக்கு நான்கு வேளை என்பதுதான் அமெரிக்க அட்டையில் உள்ள அளவு. அப்படிப் பார்த்தால் 30 கிராம் டியூப் இரண்டே நாள். அவ்வளவு வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்; ஆனால் விரல் நுனியில் தொட்டு ஒருநாள் தேய்த்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்பது நியாயமில்லை. இன்னொன்று, இங்கே கிடைக்கும் பல ஜெல்களில் மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்திருக்கும். ஜிலுஜிலு என்று இருப்பது அதனால்தான். இதய வால்வுக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதை நிறையத் தேய்த்தால் ரத்தம் இன்னும் இளகிவிடும். பூசிய கையோடு சூட்டுப் பையும் வைக்கக்கூடாது.

அடுத்து விழுங்கும் மாத்திரை. பாராசிட்டமால் எல்லோருக்கும் தெரிந்தது. தேய்மான வலிக்கு அதன் பலம் கொஞ்சம்தான். அதைவிட வேலை செய்பவை டைக்ளோஃபினாக், ஏசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நேப்ராக்சன், எடோரிகாக்சிப் கூட்டம். இங்கேதான் என் கேள்வி வருகிறது.

சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கிளப்புவதும் அதே குடும்பம். வலி மாத்திரை மூட்டில் அதை அடக்கும்போது சிறுநீரகத்திலும் சேர்த்தே அடக்கிவிடும், நுழைவாயில் சுருங்கும். பிரஷருக்கு டெல்மிசார்டான், எனலாபிரில் சாப்பிடுகிறவருக்கு வெளிவாயில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அதோடு நீர் மாத்திரையும் சேர்ந்திருந்தால் உடம்பில் ஓடும் நீரே குறைவு. உள்ளே வருவது குறைந்து, வெளியே போவது எளிதாகி, வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிடும். மூன்றும் சேர்ந்த உடம்பில், சித்திரை வெயிலோ இரண்டு நாள் வயிற்றுப்போக்கோ வந்தால் சிறுநீரகம் தளர்ந்ததைக் காட்டும் கிரியாட்டினின் சடசடவென்று ஏறலாம். டெல்மிசார்டானும் நீர் மருந்தும் ஒரே மாத்திரையில் கலந்து வருவதால், தான் இரண்டு மருந்து சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. "ஒரே ஒரு பிரஷர் மாத்திரைதாம்மா" என்பார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு பெயர் இருக்கும்.

"அதான் கேஸ் மாத்திரை போடுறேனே" என்பதும் தினம் கேட்கிற பதில். பான்டோபிரசோல் காப்பது வயிற்றை. சிறுநீரகத்துக்கு அதனால் ஒரு காவலும் இல்லை.

இந்த இடத்தில் பாறுக் கழுகைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுக்குப் போய், அதன் சிறுநீரகத்தைச் சாகடித்தது. 2004-ல் இது நிரூபணமாக, 2006-ல் மாட்டுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா தடை செய்தது. அதற்குள் நாட்டின் பாறுக் கழுகுகளில் பெரும்பகுதி போய்விட்டது. மனிதச் சிறுநீரகம் அவ்வளவு தொட்டாற்சுருங்கி அல்ல. ஆனாலும் அந்த அட்டையை எடுக்கும்போதெல்லாம் எனக்கு முதுமலைக் கழுகுகள் ஞாபகம் வரும்.

இதயம் இன்னொரு கணக்கு. வயிற்றைக் கெடுக்காத வலி மாத்திரை என்று கொண்டாடப்பட்ட ரோஃபிகாக்சிப், மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004 செப்டம்பரில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த எடோரிகாக்சிப் இங்கே தாராளமாக ஓடுகிறது. வயிற்றுக்கு அது கொஞ்சம் சாது. ஆனால் பிரஷரை ஏற்றும். இதய நோயாளிக்கும், பிரஷர் கட்டுக்குள் வராதவருக்கும் அது ஆகாது. இதயத்துக்காக 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் கூடவே ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டால், ஆஸ்பிரினின் வேலை தடைபடலாம்.

கூட்டு மாத்திரைகள் தனித் தலைவலி. ஏசிக்ளோஃபினாக்கோடு பாராசிட்டமால் 325 கலந்தது ஒன்று சாப்பிட்டுவிட்டு, உடம்பு வலி என்று பாராசிட்டமால் 650 தனியாகவும் போடுவார்கள். மூன்றாவதாகச் சேர்க்கும் செராஷியோபெப்டிடேஸ் வீக்கத்தை வாங்கும் என்று நம்பி இன்றும் எழுதுகிறார்கள். அதை முதலில் விற்ற ஜப்பானிலேயே, பலன் நிரூபணமாகவில்லை என்று 2011-ல் நிறுத்திவிட்டார்கள்.

முதியவர் ஒருவர் சீட்டில் டுலாக்செடின் எழுதியிருந்தது. போனில் தேடிப் பார்த்த மகன், "எங்கப்பாவுக்கு என்ன மனநோயா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். மனச்சோர்வுக்கான மருந்துதான், ஆனால் நாள்பட்ட வலியில் மூளை வலியை வாங்கும் அளவையும் அது தணிக்கிறது. மற்ற மாத்திரை எடுக்க முடியாத சிலருக்கு இதுதான் வழி. நான் பயப்படுவது டிரமடால் என்ற வலி மாத்திரைக்கு. 2018-ல் அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். வயதானவர்களுக்குத் தலைசுற்றல், மலச்சிக்கல், பாத்ரூமில் விழுவது என்று வரிசையாக வரும்.

என் கதை: எனக்கும் பிரஷர், எனக்கும் டெல்மிசார்டான். நீர் மருந்து இல்லாதது. தினமும் ஜெல். தாம்பரம் போய்வரும் நாளில் பாராசிட்டமால். முட்டி வீங்கி அடம்பிடித்தால் மட்டும், டாக்டரைக் கேட்டு, நேப்ராக்சன் 250 சில நாள், வயிற்றுக்குப் பாதுகாப்போடு. இடையிடையே கிரியாட்டினின் பரிசோதனை. இதையே மற்றவர் காப்பியடிக்கக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்வது.

ஆனால் எனக்கு உண்மையில் கேட்டது தொடைத் தசைப் பயிற்சி. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணி விடுவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. பார்க்க விளையாட்டுபோல இருக்கும். முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடும், அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2020-ல் வந்த ஆய்வொன்றில், முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிடப் பிசியோதெரபி செய்தவர்கள் ஓர் ஆண்டு முடிவில் நன்றாக இருந்தார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் நாலு கிலோ பாரம் குறைகிறது. கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். சினிமாவில் காட்டுவது பெரும்பாலும் தப்பு. வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

சித்தா பக்கம் போகிறவர்களும் இங்கே நிறைய. தாம்பரம் சானடோரியத்தில் 2005-லிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே இந்த நோயை அழல் கீல்வாயு என்பார்கள். உளுந்து தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருப்பதை நான் மறுக்கமாட்டேன். படித்த வைத்தியர், அட்டை ஒட்டிய மருந்து என்றால் சரி. பெயரில்லாத பொட்டலத்துச் சூரணம், அதுவும் இரண்டே நாளில் வலியைத் துடைத்தெடுப்பது என்றால், எனக்கு அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை மேல்தான் சந்தேகம் போகும்.

ஊசிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் தாங்கும், ஒரு கல்யாணத்தைக் கடக்க உதவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த ஆய்வில் குருத்தெலும்பு இன்னும் வேகமாகத் தேய்ந்தது. ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசி, 2021-ல் வந்த கவனமான ஆய்வில் உப்புத் தண்ணீர் ஊசியைத் தாண்டவில்லை.

கடைசியில் மூட்டு மாற்று அறுவை. படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் விஷயமல்ல. ராத்திரித் தூக்கம் போய், தெருமுனை வரைகூட நடக்க முடியாமல், மற்றதெல்லாம் செய்து பார்த்தும் தீராதபோதுதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காசு கட்டிச் செய்கிறவர்களுக்கு: 2017 ஆகஸ்டில் மத்திய விலை ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு வைத்தபோது, ஒன்றரை லட்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது. அதன்பின் விலை திருத்தப்பட்டு வருகிறது. பில்லில் மூட்டின் கம்பெனி பெயர், பேட்ச் எண், விலை தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் கிரியாட்டினின் பார்ப்பார்கள். வருஷக்கணக்கில் செட்டு விழுங்கிவிட்டு, அந்த ரிப்போர்ட்டால் தேதி தள்ளிப்போனவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். "இப்ப முட்டிக்கு என்ன போடுறது?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு என் அலமாரியில் அப்போது மிஞ்சியிருப்பது மிகவும் கொஞ்சம்.