விலாசம்
தொழிலும் தொலைவும் – 9

சென்ற இதழில், 1877-ஆம் ஆண்டில் நம் தபால் இலாகா தொடங்கிய, பார்சலைக் கொடுக்கும்போதே விலையை வசூலித்துத் தரும் வி.பி.பி. முறையும், அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து வந்த மணியார்டரும் ஊர்ப்புறத்துச் சிறு வியாபாரிகளுக்கு எவ்வளவு நீண்ட கைகளைக் கொடுத்தன என்பதைப் பார்த்தோம். கடையென்று சொல்லிக்கொள்ள ஒரு திண்ணைகூட இல்லாத மனிதர், தாம் காய்ச்சிய தைலத்தையோ பதிப்பித்த புத்தகத்தையோ பற்றி நாலு பக்க விலைப்பட்டியல் ஒன்றை அச்சிட்டு அனுப்பி, தாம் ஒருநாளும் காணப்போகாத ஊர்களோடு வியாபாரம் நடத்தினார். தபால்காரரின் கால்கள் அவருக்குத் துணையாயிருந்தது மெய்தான். ஆயினும் அந்தப் பட்டியலின் அடியில் தம் பெயரையும் தெருவையும் தபாலாபீசையும் அவர் அச்சிட்டிருந்தாரே, அதுவே அவருடைய மூலதனம். படித்தவர் அவருக்கே கடிதம் எழுதினார். பண்டத்தில் குறையிருந்தால் அவரையே கேட்டார். மறுபடி வேண்டியபோது அவரையே தேடினார். இன்று ஒரு சிறு தொழில் நடத்துகிறவர் தமக்கென ஓர் இணையதளம் வைத்துக்கொள்வதும் சாராம்சத்தில் அதே காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதற்கு நகரத்து உதாரணங்கள் வேண்டிய மட்டும் உண்டு. நான் சொல்ல விரும்புவது தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கைப் பற்றி. மலையாளி என்று வழங்கும் மலைவாசிகளும், தனித் தாண்டாக்களில் குடியிருக்கும் லம்பாடிகளும் அங்கே வாழ்கிறார்கள். இந்த லம்பாடிகளின் பூர்வ சரித்திரத்தைச் சற்று நின்று சொன்னால்தான் என் கருத்து விளங்கும்.

ரயிலும் நல்ல ரஸ்தாவும் வருமுன், தக்காணத்தின் தானியமும் உப்பும் இவர்களுடைய பொதிமாடுகளின் முதுகில் ஏறித்தான் பிரயாணம் செய்தன. 1790 முதல் 1792 வரை திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர் யுத்தத்தில், உணவின்றித் தவித்த ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸின் சேனைக்குத் தானியம் கொண்டுவந்து சேர்த்தவர்கள், ஆங்கிலேயர் தம் குறிப்புகளில் ‘பிரிஞ்சாரி’கள் என்று எழுதிவைத்த இந்தச் சாத்துக்காரர்கள். அந்த யுத்தத்தின் முடிவில்தான் தருமபுரியை உள்ளிட்ட பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போயிற்று. ஒரு பட்டாளத்துக்கே படியளந்த அந்த வியாபாரம், இருப்புப்பாதை நாடெங்கும் பரவத் தொடங்கிய சில தலைமுறைகளுக்குள் க்ஷீணித்து மறைந்தது. அலைந்து திரியும் கூட்டத்தாரையெல்லாம் சந்தேகக் கண்ணோடு நோக்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தபோது இவர்களும் அதற்குத் தப்பவில்லை. தேசமெங்கும் வழி தெரிந்திருந்த இந்த ஜனங்களுக்கு, வழி மாறியபோது, இன்ன இடத்தில் இன்னாரிடம் இது கிடைக்கும் என்று வாங்குவோர் தேடிவருவதற்கான ஒரு விலாசம் இல்லாமற் போயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

வியாபாரம் போன பின்னும் பெண்களின் கையிலிருந்த பூத்தையல் சில காலம் பிழைத்திருந்தது. பேட்டியா என்னும் பாவாடையிலும் காஞ்சளி என்னும் ரவிக்கையிலும் கண்ணாடிச் சில்லும் சோழியும் நாணயமும் பதித்து, எண்ணி எண்ணிப் போட்ட இழைகளால் அவர்கள் நிரப்பிய அந்த அலங்காரம், கடைப் புடவை வந்ததும் சிட்லிங்கியில் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. 1993-இல் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, ஓலைக்கூரையின் கீழ் வைத்தியம் பார்க்கத் தொடங்கிய டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதியின் ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ பிற்பாடு விவசாயத்துக்கும் கைத்தொழிலுக்கும் கைகொடுத்தபோது, இந்தத் தையலை மறவாதிருந்த முதிய பெண்கள் இருவரைக் கொண்டு இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடாயிற்று. அதிலிருந்து 2006-இல் முளைத்ததுதான் ‘போர்கை’ என்னும் பெண்களின் சங்கம். லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். இந்தச் சங்கம் தன் பெயரிலேயே ஓர் இணையதளம் வைத்திருக்கிறது.

அது ஏன் அத்தனை முக்கியம் என்று கேட்கலாம். கர்நாடகத்துச் சண்டூரில் இதே மரபைச் சேர்ந்த தையல் நடைபெறுகிறது. சண்டூர் லம்பாணித் தையலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2023-இல் ஹம்பியில் ஜி-20 கலாசாரக் கூட்டம் நடந்தபோது 1755 உருப்படிகளை ஒருங்கே காட்சிக்கு வைத்து அதை கின்னஸ் சாதனையாகவும் பதிவு செய்தார்கள். மிகவும் சந்தோஷம். ஆனால் புவிசார் குறியீடு அந்தந்தப் பூமிக்கு உரியது. சண்டூரின் முத்திரையைச் சிட்லிங்கி எடுத்துக்கொள்ள இயலாது. பெரிய இணையச் சந்தைகளில் லம்பாடிகளின் மறுபெயரான ‘பஞ்சாரா’ என்று தேடினாலோ, யந்திரத்தில் பூப்போட்டதும் வெறும் அச்சடித்ததுமான பைகள் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு வரிசையாக வந்து நிற்கின்றன. பல நாள் உட்கார்ந்து தைத்த பை அந்த வரிசையில் போய் நின்றால், விலையொன்றைத் தவிர வேறு எதைக் கொண்டு அது தன்னை வேறுபடுத்திக் காட்டும்? யார் தைத்தார்கள், எந்த ஊர், ஏன் இந்த விலை என்று நிதானமாக எடுத்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொந்த இடம் வேண்டியிருக்கிறது. அங்கே வாங்கியவருடைய பெயரும் முகவரியும் விற்றவரிடமே தங்குகின்றன. சந்தைக்காரர் மூலம் விற்றால் தரகு போனது போக, வாடிக்கையாளரும் சந்தைக்காரருக்கே சொந்தமாகிவிடுகிறார். ஒரு தொழிலுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இல்லையென்று நினைக்கிறேன்.

‘இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் இலவசமாகக் கிடைக்கும்போது தளம் எதற்கு?’ என்பது அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி. இலவசமாகக் கிடைத்த வழிகள் மூடப்பட்ட விதத்தை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆர்க்குட் என்னும் சமூக வலைத்தளத்தை 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி அதன் உரிமையாளரே மூடிவிட்டார். 2020 ஜூன் 29-ஆம் தேதி இரவு டிக்டாக்கை நம் அரசாங்கம் தடை செய்தது. அரசாங்கத்துக்கு அதற்கான காரணங்கள் இருந்தன என்றாலும், அங்கே மட்டுமே முகம் காட்டிப் பழகிய சிறு வியாபாரிகளுக்கு மறுநாள் காலையில் தம் வாடிக்கையாளரைக் கூப்பிட வேறு குரல் இருக்கவில்லை. பொதிமாட்டுப் பாதைக்கு ரயில் செய்ததை இவர்களுக்கு ஒரே இரவு செய்துவிட்டது. மூடாத வழியிலும், யாருக்கு எதைக் காட்டுவது என்பதை வழிக்குச் சொந்தக்காரர் தம் இஷ்டப்படி மாற்றிக்கொண்டேயிருக்கிறார். ஆகவே இன்ஸ்டாகிராம் வேண்டாமென்று நான் சொல்லவரவில்லை. அது தண்டோரா போடுகிறவன்; ஊர் முழுதும் சுற்றி முழங்கட்டும்; முழக்கத்தைக் கேட்டவர்கள் வந்துசேர ஒரு வாசல் மட்டும் நம்முடையதாயிருக்க வேண்டும்.

தளத்தை வைத்துவிட்டால் ஜனங்கள் தாமாக வந்து குவிவார்கள் என்பதும் சரியல்ல. ஆள்நடமாட்டம் இல்லாத தெருவில் கடை திறந்ததற்கு ஒப்பாகவே முதல் சில மாதங்கள் இருக்கும். தெருக்கோடி மளிகைக் கடைக்காரருக்கு, கூகுள் வரைபடத்தில் கடையின் இடமும் நேரமும் போன் நம்பரும் சரியாக இருந்தாலே போதும். வெளியூரார் வாங்கக்கூடிய பண்டம், அதைப் பற்றிச் சொல்ல விஷயம், இரண்டும் உள்ளவர்களுக்கே தளம் இன்றியமையாதது. பென்னாகரத்துப் புளியும், சிட்லிங்கி விவசாயிகள் ரசாயன உரமின்றி விளைவிக்கும் சாமையும் அந்த ஜாதியைச் சேர்ந்தவை. 2016-இல் வந்த யு.பி.ஐ. முறைக்குப் பின், வி.பி.பி. பார்சலுக்காகத் தபால்காரரிடம் எண்ணிக் கொடுத்த பணம் இன்று பொருள் புறப்படுமுன்பே வந்து சேர்ந்துவிடுகிறது.

செலவைப் பற்றி ஜனங்களுக்கு மிகையான பயம் இருக்கிறது. ‘டாட் இன்’ என்று முடியும் பெயர்களைப் பதிவு செய்யும் முறை 2005-இல் எளிதாக்கப்பட்டு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஒரு பெயருக்கு வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. தமிழெழுத்திலேயே ‘.இந்தியா’ என்று முடியும் பெயரும் வாங்கலாம். பக்கங்கள் தங்கியிருக்கும் கணினிக்குத் தனி வாடகை உண்டு. அதை வாடகைக்கு விடுபவர் சரியில்லையென்றால் பக்கங்களைப் பெயர்த்துக்கொண்டு வேறொருவரிடம் போய்விடலாம். பெயர் அப்படியே நிற்கும். வீடு மாறியது வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. ஆகையால் பெயரைத்தான் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும். தளத்தைக் கட்டிக்கொடுக்கும் இளைஞர் அவசரத்தில் தம் பெயரிலோ தம் மின்னஞ்சலிலோ அதைப் பதிந்துவிடுவதும், நாலு வருஷம் கழித்து அவர் எங்கேயிருக்கிறார் என்று தெரியாமல் முதலாளி திண்டாடுவதும், புதுப்பிக்க மறந்த பெயரை முன்பின் அறியாத ஒருவர் வாங்கிக்கொள்வதும் சாதாரணமாக நடப்பவை. நிலத்துக்குப் பட்டா யார் பேரில் இருக்கிறதென்று பார்க்கத் தெரிந்த நம்மவர்களுக்கு இதைப் பார்ப்பது கடினமே அல்ல.

என் ஆசை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். லம்பாடி மொழிக்குச் சொந்த எழுத்தில்லை. விலைப்பட்டியலில் எளிதில் அச்சேறாத அந்த மொழி, இணையப் பக்கத்தில் குரலாகவே ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். சிட்லிங்கியில் இன்னும் ஊசி பிடிக்கும் பாட்டி ஒருத்தி, ஒவ்வொரு தையலையும் அதன் பழைய பெயரைச் சொல்லி அழைத்து, இன்னது முதலில், இன்னது பிறகு என்று பேத்திக்குச் சொல்வதை அவள் பாஷையிலேயே பதிந்து, விற்பனைக்கு இருக்கும் அந்தப் பையின் படத்துக்கு அருகே வைத்தால் என்ன?