புறநகர்வாசியும் மனித உரிமை ஆணையமும்

தலைநகராகிய தில்லியில் அலுவல் பார்த்து, அருகிலுள்ள காஜியாபாத்திலோ பரீதாபாத்திலோ குடியிருக்கும் தமிழர் பலர். காலையில் மாநில எல்லையைக் கடந்து வருவதும், மாலையில் அதையே கடந்து திரும்புவதும் அவர்களுக்கு அன்றாட வழக்கம். அப்படி ஓர் எல்லை இருப்பதையே அவர்கள் நினைப்பதில்லை. ஆனால், அதிகாரி ஒருவரால் தீங்கு நேர்ந்து, 'இதை எவரிடம் முறையிடுவது?' என்னும் கேள்வி எழும் அன்று, அவ்வெல்லை தன் இருப்பை உணர்த்திவிடுகிறது. அக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

அமெரிக்க நாட்டுப் புறநகர்கள் சிலவற்றில் நகராட்சி மன்றமே மனித உரிமை ஆணையம் ஒன்றை அமைத்துக்கொள்கிறது. நம் நாட்டு ஏற்பாடு வேறு. இங்கு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1993 ஆம் ஆண்டு அக்டோபர் 12 ஆம் நாள் தேசிய ஆணையம் அமைந்தது. மாநிலங்களும் தத்தமக்கென ஆணையங்களை நிறுவ அச்சட்டம் இடம் தருகிறது. எனவே, காஜியாபாத்தில் வாழ்பவருக்கு உரிய மாநில ஆணையம் லக்னோவில் உள்ளது. பரீதாபாத்தில் வாழ்பவருக்குச் சண்டிகரில் உள்ளது. தானே நகரத்தார்க்கு மும்பையில் உள்ளது. தில்லி ஒன்றியப் பகுதியைத் தேசிய ஆணையமே கவனிக்க வேண்டும் என்று 2019 ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது. முறையிடுபவரின் சொந்த ஊர் எது என்பது இங்குக் கணக்கில் வாராது. தீங்கு நிகழ்ந்த இடமே கணக்கு.

மாநில ஆணையத்தை விடுத்துத் தேசிய ஆணையத்துக்கே எழுதுதலும் கூடும். ஆயினும், ஒரே முறையீட்டை இரண்டிடத்தும் அனுப்புதல் பயன் தராது. மாநில ஆணையத்தின் முன் நிலுவையில் உள்ள ஒன்றைத் தேசிய ஆணையம் விசாரிக்கலாகாது என்பது சட்டம். தேசிய ஆணையம் தனக்கு வந்த முறையீட்டை உரிய மாநில ஆணையத்துக்கு மாற்றி அனுப்புவதும் உண்டு.

எவ்வகைத் தீங்கை ஆணையம் விசாரிக்கும்? உயிர், சுதந்திரம், சமத்துவம், மானம் ஆகியவை பற்றிய உரிமைகளை அரசு ஊழியர் மீறினாலும், பிறர் மீறுவதைத் தடுக்காது அசட்டையாய் இருந்தாலும் விசாரிக்கும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தாமை, காவலில் அடித்தல், புகாரைப் பதிய மறுத்தல் போன்றவை இதில் அடங்கும். வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் உள்ள வழக்கு, சொத்துப் பிணக்கு, உத்தியோக உயர்வு பற்றிய குறை, நீதிமன்றத்தில் நடந்துவரும் வழக்கு முதலியவற்றை ஆணையம் ஏற்பதில்லை. பெயரில்லா மொட்டைக் கடிதங்களுக்கும் அங்கு இடமில்லை.

இனி, நம் அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். நம் தெருவில் தள்ளுவண்டியில் இட்டலி விற்றுவந்தவர் ஒருவர். ஒருநாள் இரவு அவருடைய தம்பியைக் காவலர்கள் அழைத்துச் சென்றனர். எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாமலே இரண்டு நாள் வைத்திருந்து, வீங்கிய கைகளோடு அனுப்பினர். அண்ணன் நம்மிடம் வந்து, "ஐயா, நீங்கள் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர். இதை இங்கிலீஷில் எழுதித் தாருங்கள்" என்றார். எழுதித் தருவதாகச் சொன்னோம். அலுவலக வேலை குவிந்தது, பண்டிகை வந்தது, ஊருக்குப் போய் வந்தோம். அவரும் நம்மைத் தொந்தரவு செய்யக் கூசினார். எழுத உட்கார்ந்தபோதுதான் சட்டத்தின் 36 ஆம் பிரிவைப் படித்தோம். நிகழ்ச்சி நடந்து ஓராண்டு கழிந்தபின் ஆணையம் அதனை விசாரிக்கலாகாது என்றிருந்தது. ஓராண்டு கடந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

அதனினும் நம்மை வருத்தியது மற்றொன்று. தேசிய ஆணையத்தின் நடைமுறை விதிகளின்படி, முறையீடு இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கவேண்டும் என்பதில்லை. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எம்மொழியிலும் இருக்கலாம். தமிழ் அவ்வட்டவணை மொழி. அந்த அண்ணன் தம் கைப்படத் தமிழில் நான்கு வரி எழுதி அன்றே அஞ்சலில் சேர்த்திருந்தால் போதும். நம் உதவி வேண்டியதே இல்லை.

முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் எழுதலாம். நடந்தது என்ன, எந்நாளில், எவ்விடத்தில், எந்த அலுவலகத்தாரால், நேரில் கண்டவர் யார் என்பவற்றைத் தெளிவாக எழுதி, பெயரும் முகவரியும் இட்டுக் கையொப்பமிடுதல் வேண்டும். மருத்துவச் சீட்டு இருப்பின் அதன் நகலைச் சேர்க்கலாம். மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்க. தேசிய ஆணையம் புதுதில்லி ஐ.என்.ஏ. பகுதியில் மானவ் அதிகார் பவனில் உள்ளது; அஞ்சல் எண் 110023. மாநில ஆணையங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டாதலால், அங்கு எழுதுவோர் மொழியை முன்னதாகக் கேட்டறிதல் நலம்.

முறையீடு ஏற்கப்பட்டதும் ஆணையம் உரிய அரசிடமோ அதிகாரியிடமோ அறிக்கை கேட்கும். குறித்த காலத்துக்குள் அறிக்கை வாராவிடில் தானே விசாரணை தொடங்கலாம். சாட்சிகளை அழைக்கவும், ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் அதற்கு உண்டு. குற்றம் புலனானால், நஷ்டஈடு தரவும், தவறு செய்தவர்மீது வழக்குத் தொடரவும் அரசுக்குப் பரிந்துரைக்கும். அரசு ஒரு மாதத்துக்குள் தன் கருத்தைத் தெரிவித்தல் வேண்டும். சட்டம் ஆளும் சொல் 'பரிந்துரை' என்பதே, தீர்ப்பு என்பதன்று. ஆயினும், தன் பரிந்துரையை நிலைநாட்ட உயர் நீதிமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ ஆணையம் நாடலாம். பெயரின்றி மறைந்துபோயிருக்கக்கூடிய ஒரு செயல், பெயரும் தேதியும் பெற்று அரசின் ஏட்டில் ஏறுவதே சிறு காரியமன்று.

இட்டலிக்காரர் இன்றும் நம்மைக் கண்டால் கும்பிடுகிறார். ஒரு சொல்லும் குறையாகச் சொன்னதில்லை. அக்கும்பிடு நமக்குச் சுமையாகவே இருக்கிறது. அயலூரில் வாழும் அன்பர்கள் இரண்டு செய்திகளை மறவாதிருப்பாராக: காலம் ஓராண்டு, மொழி நம்முடையதே ஆகலாம்.