வேளாங்கண்ணிக்கு எந்த மாதம் புறப்படலாம்?

ஆடிப் பட்டம் தேடி விதைக்கும் மக்கள் நாம். கரும்பு நடவும் கடலை விதைக்கவும் மழையையும் பருவத்தையும் பார்க்கத் தவறுவதில்லை. ஆயினும், குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை புறப்படும்போது மட்டும் பள்ளி விடுமுறையையும் திருவிழாவையும் தவிர வேறொன்றையும் எண்ணுவதில்லை. சேலத்திலிருந்து நாமக்கல், திருச்சி, தஞ்சை, நாகை வழியாக ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவு. முதிய பெற்றோரும் கைக்குழந்தையும் உடன்வரும் பயணத்திற்கு, மாதத்தைத் தெரிவு செய்வதும் ஓர் ஆயத்தமன்றோ?

விடுமுறையை முன்னிட்டு நம்மில் பலர் மே மாதத்தில் செல்கின்றனர். கடற்கரை குளிர்ச்சியாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கத்திரி வெயில் கடற்கரையையும் விட்டுவைப்பதில்லை. நம் ஊர் வெயில் வறண்டது. அங்கோ காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை உலராமல் உடல் தளர்ந்துவிடும். பேராலயத்திற்கும் மாதா குளத்திற்கும் இடையிலுள்ள மணற்பாதையில் முழந்தாளால் நடந்து நேர்ச்சை செலுத்துவோருக்கு நண்பகல் மணல் பெருஞ்சோதனையாகும். மே மாதமே வசதியெனில், நேர்ச்சையை விடியற்காலையில் முடித்துக்கொள்வது நலம்.

ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கி, செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவுறுவது ஆண்டுப் பெருவிழா. மேட்டூர் நீர் உரிய காலத்தில் சென்று சேர்ந்த ஆண்டுகளில், வழியெங்கும் தஞ்சை வயல்கள் பசுமையாய்க் காட்சி தரும். காவியுடுத்தி நடந்து செல்வோரின் பக்தி நம் உள்ளத்தையும் தொடும். ஆயினும் இலட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில் தங்க அறையும் குளிக்க நீரும் எளிதில் கிட்டா. திடமான உடலுடையோர் விழாவுக்குச் செல்லட்டும்; நோயாளரையும் முதியோரையும் அந்நெரிசலுக்குள் அழைத்துச் செல்வது அன்பாகாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள காலத்தில்தான் நாம் மிகுதியும் ஏமாறுகிறோம். சேலத்தில் மழை ஓயத் தொடங்கும் கார்த்திகையில், நாகைக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும். அவ்வட்டாரத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. புயல்களின் காலமும் இதுவே. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்து, தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை மறக்க இயலுமா? இம்மாதங்களில் செல்வோர் வானிலை அறிவிப்பைக் கேட்டறிந்த பின்னரே புறப்பட வேண்டும்.

அப்படியானால் ஏற்ற காலம் எது? தையும் மாசியும் என்போம். மழை விலகியிருக்கும்; வெயில் ஏறியிராது; காலையில் இதமான குளிர் இருக்கும். வழிநெடுகச் சம்பா அறுவடையைக் காணலாம். பொங்கல் விடுமுறையையும் சனி, ஞாயிறையும் தவிர்த்து வாரத்தின் நடுவில் சென்றால், முதியோரும் அன்னையின் திருமுன் அமைதியாக அமர்ந்து செபிக்க இயலும்.

எந்த மாதமாயினும் கடலிடம் எச்சரிக்கை வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்து தங்கியிருந்த திருப்பயணிகள் பலர் கரையில் இருந்தனர். புயலும் இல்லை, மழையும் இல்லை. சுமத்திரா அருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தால் பேரலைகள் வந்து வேளாங்கண்ணியில் நூற்றுக்கணக்கானோரின் உயிரைப் பறித்தன. அத்தகைய பேரிடர் பருவம் பார்த்து வருவதன்று. ஏரியும் கிணறும் மட்டுமே அறிந்த நம் பிள்ளைகளுக்குக் கடலின் இழுப்பு தெரியாது; பெரியோர் துணையின்றி அவர்களை அலையில் இறங்க விடலாகாது. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நில்லாமல் கரையை விட்டு விலகி ஓட வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வைப்போம்.

அன்னையின் இல்லம் ஆண்டு முழுவதும் திறந்தே இருக்கிறது. ஆகவே வீட்டில் வலிமை குன்றியவர் யாரென முதலில் பார்ப்போம். அவருக்கு எந்த மாதம் ஏற்றதோ, அதுவே குடும்பம் முழுவதற்கும் நல்ல மாதம்.