எல்.எல்.ஆர். பரீட்சை: 9 பதில் தெரிந்தால் போதும்!

வண்டி ஓட்டத் தெரியும். ஊரில் மாமாவின் மோட்டார் சைக்கிளில் ஓட்டிப் பழகிய கை. ஆனால், கம்ப்யூட்டர் திரையில் கேள்வி வந்ததும் ஆள் திகைத்துப் போகிறார். விஷயம் தெரியாததால் அல்ல. கேள்வி கேட்கும் பாஷை தெரியாததால்!

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்துக்கான பரீட்சை மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் வருகிறது. பேச்சு இந்தி வாயில் வரும். எழுத்து இந்தி கண்ணில் நிற்காது.

அப்போதுதான் ஏஜெண்டு வருகிறார். "நீ சும்மா உட்கார். பட்டனை நான் அமுக்குகிறேன்" என்கிறார். கைப்பணம் கரைகிறது. எல்.எல்.ஆர். கிடைக்கிறது. ஆனால், ரோட்டில் நிற்கும் போர்டு என்ன சொல்கிறது என்பது கடைசி வரை தெரியாமலே போகிறது.

எங்கே மனு போடுவது?

"லைசென்சுக்கு ஊருக்குத்தான் போக வேண்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தேவை இல்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்திலேயே மனு செய்யலாம்.

கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் 18 வயது நிரம்பி இருக்க வேண்டும். டாக்சி, லாரி போன்ற வாடகை வண்டிகளுக்கு 20 வயது. வாடகை வண்டி டிரைவர் 8-வது வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019-ல் நீக்கப்பட்டுவிட்டது. படிப்பு இல்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டியது இல்லை.

பாஸ் மார்க் எவ்வளவு?

விதிப்படி நூற்றுக்கு அறுபது. 15 கேள்வி கேட்டால் 9-க்குச் சரியான பதில் சொன்னால் போதும். ஆறு தவறினாலும் பாஸ்தான். தோற்றாலும் மீண்டும் எழுதலாம்.

இந்த 9-ல் பெரும் பங்கைப் படங்களிலிருந்தே எடுத்துவிடலாம். சாலைக் குறிகளுக்குப் பாஷை கிடையாது. அவற்றின் உருவத்தையும் நிறத்தையும் மனதில் வைத்தால் போதும்.

சிவப்பு விளிம்பு போட்ட வட்டம் என்றால் "செய்யாதே" என்று அர்த்தம். நீல வட்டத்தில் வெள்ளை அம்பு இருந்தால் "இப்படித்தான் போக வேண்டும்". இவை கட்டளைகள். மீறினால் குற்றம்.

சிவப்பு விளிம்பு போட்ட முக்கோணம் எச்சரிக்கை. முன்னால் வளைவோ, பள்ளிக்கூடமோ, குறுகிய பாலமோ இருக்கிறது என்று சொல்கிறது. நீலச் சதுரமும் நீள் சதுரமும் தகவல்கள். பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி போன்றவற்றைக் காட்டும்.

இரண்டு குறிகளுக்குத் தனி உருவம் உண்டு. எட்டு மூலை கொண்ட சிவப்புப் பலகை "நில்". தலைகீழ் முக்கோணம் "வழி விடு".

இன்னும் ஒன்று. நீல வட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அங்கே வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. இரண்டு கோடுகள் குறுக்காகப் போனால் சற்று நேரம்கூட நிற்கக் கூடாது. பலரும் தடுமாறும் கேள்வி இது.

"தாயே" என்றால் வலது!

எழுத்தில் வரும் கேள்விகளுக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் கைகொடுக்கும். இந்தியில் "பாயே" என்றால் இடது, "தாயே" என்றால் வலது. சோறு ஊட்டிய தாயின் வலது கையை நினைத்துக்கொண்டால் மறக்காது. மராத்தியில் இடது "டாவா"; வலது "உஜ்வா". "தாம்பா" என்றால் நில். "மனாயி" என்றால் கூடாது. "பிரவேஷ் பந்த்" என்றால் உள்ளே போகாதே.

மராத்திக்கும் இந்திக்கும் எழுத்து ஒன்றே. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையை உட்காரவைத்து, தினம் அரை மணி நேரம் எழுத்துக்கூட்டிப் பழகலாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு வடாபாவ் வாங்கிக் கொடுத்தால் போதும். ஏஜெண்டுக்குக் கொடுப்பதைவிட மலிவு!

அடிக்கடி வருபவை

சிக்னல் இல்லாத நாற்சந்தியில் யாருக்கு வழி விடுவது? வலது பக்கமிருந்து வருபவருக்கு. மலைப் பாதையில்? மேலே ஏறி வருபவருக்கு. பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால்? இடது ஓரம் ஒதுங்க வேண்டும். முந்துவது எந்தப் பக்கம்? வலது பக்கம்.

ஆளில்லா ரெயில்வே கேட்டில் வண்டியை நிறுத்த வேண்டும். கிளீனரோ உடன் வந்தவரோ இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். யாரும் இல்லாவிட்டால் டிரைவரே இறங்க வேண்டும். அகல ரெயில் பாதைகளில் இத்தகைய கேட்டுகள் 2019 ஜனவரியோடு நீக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் பாடத்தில் கேள்வி இருக்கிறது.

வண்டியில் இருக்க வேண்டிய தாள்கள் எவை? லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். டிஜிலாக்கரில் வைத்து செல்போனில் காட்டினாலும் செல்லும்.

உயிர் காக்கும் கேள்வி

விபத்து நடந்தால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? இதுவும் பரீட்சையில் உண்டு.

அடிபட்டவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். போலீசார் அங்கே இல்லாவிட்டால் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகில் உள்ள ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும். கூட்டம் தாக்க வந்தால் அந்த நிலைமையையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால், ஓடி ஒளிவதை அது மன்னிப்பது இல்லை.

அந்நிய ஊரில் பயந்து ஓடுகிறவர் பலர். என்ன செய்வது என்று தெரியாததே காரணம். பட்டனை வேறு ஒருவர் அமுக்கிப் பெற்ற லைசென்ஸ், அந்த நேரத்தில் வழி சொல்லாது.

லைசென்ஸ் இல்லாவிட்டால்...

2019 முதல் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுபவருக்கு ரூ.5 ஆயிரம் அபராதம். அதைவிடப் பெரிய சங்கடம் நஷ்ட ஈடு. விபத்தில் கொடுத்த தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிச் சொந்தக்காரரிடமே திருப்பிக் கேட்கலாம். கடன் வாங்கி வண்டி எடுத்தவர் எங்கே போவார்?

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகு ஓட்டிக் காட்டும் பரீட்சைக்குப் போகலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு "எல்" எழுத்து இருக்க வேண்டும். கார் பழகுபவருக்கு அருகில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும்.

மகாராஷ்டிராவில் 2021 முதல் ஆதார் மூலம் வீட்டிலிருந்தபடியே எல்.எல்.ஆர். பரீட்சை எழுதும் வசதியும் வந்தது. வீட்டில் எழுதினாலும் ஆபீசில் எழுதினாலும் பதில் சொந்தப் பதிலாக இருக்க வேண்டும்.

பாஷை தெரியாமல் ரெயில் ஏறி வந்து, இந்த நகரத்தில் வேலை கற்று, குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்களுக்கு 9 பதில்கள் ஒரு பொருட்டா?