குழந்தைகளின் இடைவேளை உணவு

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையின் வயிறு சிறியது. மூன்று வேளைச் சோற்றில் அதற்கு வேண்டிய சத்து அடங்கிவிடாது. இடையில் இருமுறை சிறிது உணவளித்தல் அவசியம். தறியில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள், குழந்தை அழுதவுடன் கடைப் பிஸ்கோத்தைக் கையில் கொடுத்துவிடுகின்றனர். அழுகை நிற்கும், அடுத்த வேளைச் சோறுதான் இறங்காது.

நம் அங்கத்தினர்கள் விளைவிக்கும் கேழ்வரகே இதற்கு ஏற்றது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியிலோ ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிடச் செய்து, உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து அரைத்துக்கொள்க. முளைகட்டிய மாவுக் கஞ்சி எளிதில் கெட்டிப்படாது. ஆகையால் சிறு கிண்ணத்திலேயே கூடுதல் மாவு சேரும். இனிப்புக்குப் பழுத்த வாழைப்பழத்தை மசித்துக் கலந்தால் போதும். அவித்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நன்று.

வேர்க்கடலையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஐந்து வயது வரை வறுத்து, நைய இடித்துக் கஞ்சியில் கலந்தே கொடுக்கவேண்டும். நல்ல பருப்பைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, பூசணம் பிடித்ததை வீட்டுக்கென ஒதுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அப்பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முற்றிலும் நீங்காது.