கரப்பான் வந்த பிள்ளைக்கு நலங்கு மாவு வேண்டாம்

கைக்குழந்தையின் கன்னம் சிவந்து சொரசொரத்து, கை கால்களில் திட்டுத்திட்டாகத் தடித்து நீர் கசியத் தொடங்கியதும் வீட்டில் முதலில் கை போவது நலங்கு மாவு டப்பாவுக்குத்தான். பயத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் சேர்த்து அரைத்த மாவு. சோப்பில் ரசாயனம் இருக்கிறது, மாவில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். நல்ல தோலுக்கு அது சரிதான். கரப்பான் கண்ட தோல் வேறு. அதன் மேலடுக்கைக் கெட்டியாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் கரப்பானுக்கும் உள்ள தொடர்பை ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்டார்கள். எல்லாக் குழந்தைக்கும் இந்தக் குறை இருப்பதில்லை. ஆனால் கரப்பான் எந்தக் காரணத்தால் வந்தாலும், தோல் பூச்சு உதிர்ந்த சுவர் போலாகிவிடுகிறது. உள்ளேயுள்ள ஈரம் வெளியேறும். வெளியே உள்ளது உள்ளே நுழையும். அந்தத் தோலில் மாவைத் தேய்த்தால் பொடி உரசும், மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையும் போய்விடும்.

உரசலைவிடக் கவலைப்பட வேண்டிய இன்னொன்றும் உண்டு. வேர்க்கடலை ஒவ்வாமை வந்த பிள்ளைகளைப் பற்றி பிரிட்டனில் கிடியன் லாக் குழுவினர் 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது புண்பட்ட தோலில் கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்டதற்கும் பின்னாளில் வந்த ஒவ்வாமைக்கும் தொடர்பு தெரிந்தது. 2015-ல் அதே லாக்கின் குழு, கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை வைத்து மற்றொரு ஆய்வை முடித்தது. சிறு வயதிலேயே வேர்க்கடலையை உண்ணப் பழகிய பிள்ளைகளிடம் அந்த ஒவ்வாமை ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்திருந்தது. வாய்வழியாக வரும் புரதத்தை உடல் உணவாக ஏற்கப் பழகுகிறது. புண்பட்ட தோல் வழியே வந்தால் பகையாக எண்ணிவிடக்கூடும். இந்த ஆய்வுகள் வேர்க்கடலை பற்றியவை என்பது உண்மை. ஆனால் கடலை மாவும் பயத்தமாவும் பருப்பினப் புரதங்களே. மாவோடு குழைக்கும் பாலேட்டிலும் புரதம் உண்டு. விரிசல் விட்ட தோலில் அவற்றைத் தேய்த்துப் பார்க்கும் துணிச்சல் எதற்கு?

அப்படியானால் தேங்காய் எண்ணெயும் உணவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எண்ணெயில் புரதம் மிகச் சொற்பம். தேங்காய் ஒவ்வாமையும் அரிது. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வொன்று 2014-ல் வெளியானது. பாதிப்பின் அளவு சுத்தத் தேங்காய் எண்ணெய் பூசியவர்களிடம் சராசரியாக 68 விழுக்காடு குறைந்தது. மினரல் ஆயில் பூசியவர்களிடம் 38 விழுக்காடு. ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைத் தளர்த்துகிறது என்று பெரியவர்களிடம் செய்த ஆய்வு காட்டுகிறது. கடுகெண்ணெய் எரிச்சல் தரும். இரண்டையும் விட்டுவிடுவது நல்லது.

மாற்ற வேண்டியது நம் வரிசை. முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சுடச்சுட நீரூற்றி, மாவு போட்டு அந்த எண்ணெயை எடுத்துவிடுவது நம் வழக்கம். கரப்பான் பிள்ளைக்கு இதைத் திருப்பிப் போட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குளியலை முடித்து, பழைய பருத்தி வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன்பே எண்ணெயை மெல்லியதாகப் பூச வேண்டும். அந்த ஈரத்தைத் தோலிலேயே நிறுத்துவதுதான் வைத்தியம். பகலில் இன்னும் இரண்டொரு முறை பூசலாம். பூசியபின் சிவந்தால் நிறுத்திவிட வேண்டும். பவுடரும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

பாட்டி காலத்திலிருந்து செய்வது தப்பாகுமா என்ற மனத்தாங்கல் எழலாம். எண்ணெய்க் கிண்ணத்தை நமக்குத் தந்ததும் அதே பாட்டிதான். அந்த அறிவை நோயுள்ள தோலுக்கேற்ப மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவே. இயற்கையானது கெடுதல் செய்யாது என்பதை மட்டும் ஏற்க முடியாது. வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்ததால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு களிம்புக்குப் பயந்து மூலிகைக் களிம்பை நாடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் கரப்பானுக்கென விற்ற 24 மூலிகைக் களிம்புகளைச் சோதித்து 2003-ல் முடிவு வெளியிட்டார்கள். 20-ல் ஸ்டீராய்டு இருந்தது. மருத்துவர் அளவு சொல்லிச் சில நாட்களுக்குத் தரும் மிதமான களிம்பு, பெயர் தெரியாத அந்தக் கலவையைவிடப் பத்திரமானது. தாய்க்கு விதிக்கும் பத்தியமும் கெடுதல் செய்யக்கூடும். கரப்பான் பண்டம் என்று மீன், முட்டை, கத்திரிக்காய் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் பால் கொடுப்பவளின் உடம்புதான் வாடும்.

எண்ணெய் செய்யக்கூடியது லேசான கரப்பானின் வறட்சியையும் அரிப்பையும் தணிப்பது. மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, அரிப்பில் பிள்ளை தூங்காமல் அழுதாலோ மருத்துவரிடம் போக வேண்டும். சிறு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி வலித்தால் அன்றைக்கே போக வேண்டும். அது ஹெர்பிஸ் கிருமி பரவியதாக இருக்கலாம். கண்ணையும் உயிரையும் பாதிக்கக்கூடியது. உதட்டோரம் அக்கிப் புண் உள்ளவர்கள் அது ஆறும்வரை இந்தப் பிள்ளைகளுக்கு முத்தம் கொடுக்கக் கூடாது.